மூடிய சாளரமும் விடுபடாத நினைவகமும்

ஒன்றை ஆக்குதல் எளிது; ஆக்கியதனை உரிய காலத்தில் நீக்குதல் அரிது. கணினியின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தையும் கொள்ளளவையுமே விரித்துரைப்பர். அஃது எவற்றை நினைவில் வைத்தது என்பதே அவர்தம் உரைப்பொருளாகும். எவற்றை, எப்பொழுது, யாருடைய கட்டளையால் நினைவினின்றும் அகற்றியது என்னும் வினா அத்துணைக் கவனத்தைப் பெறுவதில்லை. ஆயினும் நினைவகம் எல்லையுடையது. ஒரு செய்நிரல் தனக்கு வேண்டிய இடத்தைப் பெறுவது எத்துணை இன்றியமையாததோ, வேண்டாதவிடத்து அதனைத் திருப்பி ஒப்படைப்பதும் அத்துணை இன்றியமையாததாகும்.

இவ்வொப்படைப்பைச் செய்நிரலாளர் தம் கையாற் செய்தல் வேண்டுமா, அன்றி இயந்திரமே தானாகச் செய்துகொள்ளுமா என்னும் கேள்வி 1950களின் இறுதியில் எழுந்தது. இயந்திரமே செய்யும் என்று விடை பகர்ந்த முறையே 'கழிவு சேகரிப்பு' எனப்படுவது. அம்முறை பெருவெற்றி பெற்றது. இன்று பெரிதும் வழங்கும் கணினி மொழிகள் பலவற்றில் அஃது இடம்பெற்றுள்ளது. எனினும், மேசைக் கணினியின் திரையிலே சாளரங்களும் பொத்தான்களும் தோன்றிய நாள்தொட்டு, அவ்விடைமுகப் பொருள்கள் திறத்தில் அம்முறை மீண்டும் மீண்டும் இடறி வந்திருக்கின்றது. அவ்விடறலின் காரணம் யாது? அது செய்நிரலாளர்தம் கவனக்குறைவு மாத்திரந்தானா, அன்றி முறையின் இயல்பிலேயே அமைந்ததா? இதனை வரலாற்று வழிநின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு முறைகளின் தோற்றம்

1950களின் நடுப்பகுதியில் அலன் நியூவெல், கிளிப் ஷோ, ஹேபேட் சைமன் ஆகியோர் பட்டியல்களைக் கையாளுதற்கென ஒரு மொழியை வகுத்தனர். அம்மொழியில் எழுதுவோர், ஒவ்வொரு பட்டியலையும் அழிக்கும் பொறுப்பு யாருடையது என்பதைத் தாமே கண்காணித்தல் வேண்டும். மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் 1958ஆம் ஆண்டளவில் 'லிஸ்ப்' என்னும் மொழியை உருவாக்க முற்பட்ட ஜோன் மக்கார்த்தி இச்சுமையை விரும்பினாரல்லர். கணிதச் சமன்பாடுபோல் எழுதப்படும் ஒரு கூற்றின் இடையிடையே 'இதனை அழி', 'அதனை அழி' என்னும் கட்டளைகள் புகுவது அக்கூற்றின் தெளிவைக் கெடுக்கும் என்பது அவர் கருத்து.

1960 ஏப்பிரிலில் வெளியான கட்டுரையில் அவர் விளக்கிய வழி பின்வருமாறு. நினைவகத்திலுள்ள பொருள்கள் ஒன்றையொன்று சுட்டி நிற்கின்றன. செய்நிரல் நேரே அறிந்துள்ள சில சுட்டுகளை வேர் எனக் கொள்வோம். இடம் தீர்ந்த வேளையில், வேரிலிருந்து தொடங்கிச் சுட்டுகளின் வழியே சென்று, எட்டப்படும் பொருள் ஒவ்வொன்றிலும் ஒரு குறி இடப்படும். அதன்பின் நினைவகம் முழுவதும் ஒருமுறை பெருக்கப்படும். குறியில்லாதவை யாவும் கழிவெனக் கருதப்பட்டு, அவற்றின் இடம் மீட்கப்படும். ஐ. பி. எம். 704 இயந்திரத்தில் இவ்வேலை முடியச் சில செக்கன்கள் சென்றன.

அதே ஆண்டின் இறுதியில் ஜோர்ஜ் கொலின்ஸ் என்பார் வேறொரு முறையை வெளியிட்டார். ஒவ்வொரு பொருளும் தன்னைச் சுட்டுவோர் எத்துணையர் என்னும் எண்ணிக்கையைத் தன்னகத்தே வைத்திருக்கும். ஒரு சுட்டு நீங்குந்தோறும் எண்ணிக்கை ஒன்று குறையும். அது பூச்சியமாகும்போது பொருளும் நீங்கும். பெருக்குதற்கெனக் காத்திருக்க வேண்டுவதில்லை என்பது இம்முறையின் சிறப்பு. ஆனால் 1963இல் ஹரல்ட் மக்பெத் இதன் குறையைச் சுட்டிக்காட்டினார். இரு பொருள்கள் ஒன்றையொன்று சுட்டி வளையமாக நின்றால், புறத்தேயுள்ளோர் அனைவரும் அவற்றைக் கைவிட்ட பின்னரும் அவற்றின் எண்ணிக்கை பூச்சியமாவதில்லை. யாருக்கும் பயனின்றி அவை ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு என்றும் நிலைத்திருக்கும்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. இவ்விரு முறைகளுள் எதுவும், 'இப்பொருள் இனி வேண்டப்படுமா?' என்னும் வினாவுக்கு விடை காண்பதில்லை. 'இப்பொருளை யாரேனும் சுட்டுகின்றனரா?' என்னும் வினாவுக்கே விடை காண்கின்றன. முன்னதை இயந்திரம் அறியவியலாது. ஆதலாற் பின்னதை அதற்கு ஈடாகக் கொண்டனர். பட்டியல்களையும் எண்களையும் கையாளும்போது இவ்விரு வினாக்களுக்கும் இடைப்பட்ட வேற்றுமை பெரிதன்று. திரை வந்தபோதே அது பெரிதாயிற்று.

சாளரத்தின் வருகை

1970இல் கலிபோர்ணியாவின் பலோ அல்ரோ நகரில் செரொக்ஸ் நிறுவனம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தது. அங்கு 1973இல் 'அல்ரோ' என்னும் கணினி இயங்கத் தொடங்கியது. புள்ளிகளால் உருவம் காட்டும் திரையும் கையால் நகர்த்தும் சுட்டெலியும் அதன்கண் அமைந்திருந்தன. அலன் கே, டான் இங்கல்ஸ், அடேல் கோல்ட்பேர்க் முதலியோர் அந்நிலையத்தில் வளர்த்த 'ஸ்மோல்ரோக்' மொழியில் சாளரமும் ஒரு பொருள், அதனுள் தோன்றும் எழுத்துத்தொடரும் ஒரு பொருள், யாவும் பொருளே. அப்பொருள்களின் இடத்தை மீட்கும் பணி இயந்திரத்துக்கே உரியது.

நோர்வே நாட்டவரான ட்றிக்வே றீன்ஸ்கௌக் 1978-79 காலப்பகுதியில் அந்நிலையத்தில் தங்கியிருந்தபோது, இடைமுகத்தை மூன்று கூறாகப் பகுக்கும் அமைப்பை வகுத்தார். உலகச் செய்தியைத் தாங்குவது ஒன்று. அதனைத் திரையிற் காட்டுவது ஒன்று. பயனரின் கைச்செயலை ஏற்பது ஒன்று. அவற்றை முறையே மாதிரி, காட்சி, கட்டுப்படுத்தி என வழங்குவர். ஒரே மாதிரிக்குப் பல காட்சிகள் இருத்தல் கூடும். மாதிரி மாறும்போது காட்சிகள் யாவும் அதனை அறிதல் வேண்டும். அதற்காக மாதிரியைச் சார்ந்தோர் பட்டியலொன்று வைக்கப்பட்டது.

இவ்வமைப்பின் பயன் பெரிது. ஆயினும் மக்பெத் கண்ட வளையம் இங்கே வலிய வந்து அமைந்துவிட்டது. காட்சி மாதிரியைச் சுட்டுகின்றது. சார்ந்தோர் பட்டியலின் வழியாக மாதிரியிலிருந்து காட்சிக்கு ஒரு சுட்டு வருகின்றது. காட்சியும் கட்டுப்படுத்தியும் ஒன்றையொன்று சுட்டுகின்றன. சுட்டெண்ணிக்கை முறையில் இவ்வளையம் தானாக நீங்காது. மேலும், ஸ்மோல்ரோக்-80இல் சாதாரணப் பொருள்களைச் சார்ந்தோர் பற்றிய பதிவுகள் யாவும் எங்கிருந்தும் எட்டப்படும் ஒரு பொது அகராதியிற் பொறிக்கப்பட்டன. அவ்வகராதியோ வேரோடு தொடர்புடையது. ஆகவே, எண்ணிக்கை முறையை விடுத்துப் பெருக்கும் முறையைக் கையாண்டாலும் அதிற் பதிவுபெற்ற பொருள் கழிவென அறியப்படமாட்டாது.

இதற்கு அந்நிலையத்தார் கண்ட தீர்வு யாது? 'விடுவி' என்னும் பொருள்படும் ஒரு செய்தியை வகுத்தனர். சாளரம் மூடப்படும்போது அதற்கு இச்செய்தி அனுப்பப்படும். அது தன் மாதிரியின் பட்டியலிலிருந்து தன்னை நீக்கிக்கொண்டு, தன் உட்காட்சிகளுக்கும் அச்செய்தியை அனுப்பும். அத்துடன், சார்ந்தோரைத் தன்னிடத்தேயே வைத்துக்கொள்ளும் தனி வகுப்பொன்றும் மாதிரிகளுக்கென அமைக்கப்பட்டது. கையால் அழிக்கும் தொல்லை ஒழிந்தது என்று கருதப்பட்ட மொழியிலே, சாளரத்தின் பொருட்டு அத்தொல்லை மறுவாசல் வழியாக மீண்டும் உள்ளே புகுந்தது. இது நேர்ந்தது 1980ஆம் ஆண்டளவில் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஏனெனிற் பின்வந்தோர் பலர் இதனைப் புதிதாகவே கண்டுபிடிக்க நேர்ந்தது.

சேகரிப்பின் வேகத்தைப் பற்றிய குறை இதனோடு ஒப்பிடுமிடத்து விரைவில் தீர்ந்ததெனலாம். பயனர் எழுதிக்கொண்டிருக்கையிலே திரை சில செக்கன்கள் உறைந்து நிற்பதை யாரும் பொறார். பேர்க்லியில் டேவிட் உங்கர் 1984இல் வெளியிட்ட தலைமுறை முறை, பெரும்பாலான பொருள்கள் இளமையிலேயே மடிகின்றன என்னும் உண்மையை அடிப்படையாகக் கொண்டு, இளம்பொருள்களை மட்டும் அடிக்கடி ஆராய்ந்து காத்திருப்பைச் சுருக்கியது. வேகம் பற்றிய வினாவுக்குப் பொறியியல் விடை தந்தது. வேண்டுதல் பற்றிய வினாவோ அவ்வாறே எஞ்சி நின்றது.

இரு அரசுகளின் எல்லை

அடுத்த இடர் வேறொரு திசையிலிருந்து வந்தது. ஸ்மோல்ரோக்கில் சாளரம் மொழியின் உள்ளேயே வாழ்ந்தது. பின்னாளில் விண்டோஸ் போன்ற பணிசெயல் முறைமைகளிலோ, சாளரமும் எழுத்துருவும் தூரிகையும் முறைமைக்கே உரியன. செய்நிரலுக்கு அளிக்கப்படுவது 'கைப்பிடி' என்னும் ஓர் எண் மாத்திரமே. 1992இல் வெளியான விண்டோஸ் 3.1இல், வரைபொருள்களுக்கான பொது நினைவுப்பகுதி 64 கிலோபைற்று அளவினதே. அப்பகுதி நிரம்பினால், கணினியில் வேறு நினைவகம் எத்துணை வெறிதாயிருப்பினும் புதிய சாளரம் திறவாது. பின்வந்த பதிப்புகளிற்கூட ஒரு செய்நிரல் பெறத்தக்க வரைபொருட் கைப்பிடிகள் இயல்பாக 10,000 என வரையறுக்கப்பட்டுள்ளன.

1995இல் ஜாவாவும் 2002இல் மைக்ரோசொஃப்ற் நிறுவனத்தின் 'டொட் நெற்' அமைப்பும் கழிவு சேகரிப்பை மேசைக் கணினிச் செய்நிரல்களுக்குப் பரவலாகக் கொண்டுவந்தன. அப்பொழுது ஒரே சாளரம் இரு அரசுகளின் குடியாயிற்று. மொழியின் பக்கத்தில் உள்ள சிறு பொருளைச் சேகரிப்பான் ஆள்கின்றது. முறைமையின் பக்கத்தில் உள்ள மெய்ச்சாளரத்தைப் பணிசெயல் முறைமை ஆள்கின்றது. ஒரு பெரும் படத்தைக் குறிக்கும் மொழிப்பொருள் சில பைற்றுகளே கொண்டது. அதன் பின்னுள்ள படமோ பல மெகாபைற்று. சேகரிப்பான் காண்பது முன்னதை மட்டுமே. ஆதலால், 'இடம் நிரம்ப உள்ளது. இப்பொழுது பெருக்க வேண்டுவதில்லை' என்று அது வாளாவிருக்க, மறுபக்கத்தில் இடம் தீர்ந்துபோகும். 2005இல் வந்த டொட் நெற் 2.0இல், மறைந்துள்ள சுமையைச் சேகரிப்பானுக்கு அறிவிக்கும் வழிகள் தனியே சேர்க்கப்பட்டமைக்கு இதுவே காரணம்.

இரு பக்கத்தையும் இணைக்கும் பாலமாக 'இறுதிக்கடன்' என்னும் ஏற்பாடு முன்னரே இருந்தது. பொருள் கழிவென அறியப்பட்ட பின், அதன் பொருட்டு ஒரு சிறு கட்டளைத்தொடர் இயக்கப்படும்; அது கைப்பிடியைத் திருப்பி ஒப்படைக்கும். கேட்டற்கு இனிய இவ்வேற்பாடு சாளரத்துக்குப் பொருந்தாமற் போயிற்று. இறுதிக்கடன் எப்பொழுது நிகழும் என்பதற்கு உறுதியில்லை. நிகழாமலே செய்நிரல் முடிதலும் கூடும். டொட் நெற்றில் அது தனக்கென அமைந்த தனி இழையில் இயங்குகின்றது; விண்டோஸிலோ ஒரு சாளரத்தை ஆக்கிய இழையே அதனை அழித்தல் வேண்டும் என்பது விதி. ஆகவே இறுதிக்கடன் இயற்றும் இழை சாளரத்தை நேரடியாக அழித்தல் இயலாது. ஜாவா மொழியினர் 2017இல் இறுதிக்கடனைக் கைவிடத்தக்கதெனக் குறித்து, 2022இல் அதனை முற்றாக நீக்கும் எண்ணத்தையும் அறிவித்தனர்.

2001இல் வெளிவந்த எக்லிப்ஸ் மென்பொருளின் இடைமுகத் தொகுதியை வகுத்தோர் இதனை முன்னரே உணர்ந்திருந்தனர். கழிவு சேகரிப்புள்ள ஜாவாவில் எழுதப்பட்டும், அத்தொகுதி இறுதிக்கடனை நாடவில்லை. ஆக்கியவரே அழித்தல் வேண்டும் என்பது அவர்தம் முதல் விதி. தாய்ப்பொருள் அழிந்தால் அதனுட் பிறந்தவையும் அழியும் என்பது இரண்டாவது விதி. இவை பழமைக்குத் திரும்புதல் எனச் சிலரால் இகழப்பட்டன. ஆனால் சாளரம் என்னும் பொருளின் இயல்பை அவை நன்கு அறிந்து நின்றன என்றே நாம் கூறுவோம். டொட் நெற்றிலும் இதனையொத்த ஒரு 'விடுவிப்பு' ஒப்பந்தம் வகுக்கப்பட்டது. அதில் ஒரு நுட்பம் உண்டு. இயல்பாகத் திறக்கப்பட்ட சாளரம் மூடும்போது தானே விடுவிக்கப்படும். விடை பெறுதற்பொருட்டு மறிப்பாகத் திறக்கப்பட்ட உரையாடற் சாளரமோ, மூடும்போது மறைக்கப்படுமேயன்றி விடுவிக்கப்படாது. அதன் விடையைப் பின்னர் வாசித்தல் வேண்டும் ஆதலின். மறைந்தது வேறு, மடிந்தது வேறு என்பதை அறியாத செய்நிரல்கள் இதனால் இடர்ப்பட்டன.

காலங்கடந்த கேட்போர்

எல்லைச் சிக்கல் தீர்ந்தவிடத்தும் சார்ந்தோர் பட்டியலின் சிக்கல் தீரவில்லை. டொட் நெற்றில் 'நிகழ்வு' என்பது மொழியின் ஒரு கூறாகவே அமைக்கப்பட்டது. ஒரு பொருள் மற்றொன்றின் நிகழ்வைக் கேட்கப் பதிவு செய்துகொண்டால், நிகழ்வுடைய பொருள் கேட்பவரைச் சுட்டி வைத்திருக்கும். செய்நிரல் முழுதும் வாழும் ஒரு பொருளிடத்து ஒரு சிறு சாளரம் பதிவு செய்துகொண்டு, மூடப்படும்போது பதிவை நீக்காதுவிடின், அச்சாளரம் திரையினின்றும் மறைந்தும் நினைவகத்தினின்றும் மறையாது. அதனுட் பொதிந்த பொத்தான்களும் பட்டியல்களும் தரவுகளும் அதனோடு ஒருங்கே தங்கிவிடும். நூறுமுறை திறந்து மூடினால் நூறு சாளரங்கள் அவ்வாறே எஞ்சும். செய்நிரலாளர் இவற்றைக் காலங்கடந்த கேட்போர் என அழைப்பர்.

இப்பிழை திரைக்கு மட்டும் உரியதன்று என்பதை 2005 ஒக்ரோபர் 8ஆம் நாள் நிகழ்ந்த ஒரு போட்டி காட்டிற்று. ஐக்கிய அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி முகவரகம், ஓட்டுநரின்றித் தாமே ஓடும் வண்டிகளுக்கென மொஹாவிப் பாலைநிலத்தில் ஏறத்தாழ 132 மைல் நீளமான பாதையிற் போட்டியொன்றை நடாத்தியது. பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தார் அனுப்பிய வண்டியின் செய்நிரல், கழிவு சேகரிப்புள்ள சீ ஷார்ப் மொழியில் எழுதப்பட்டது. வழியிற் கண்ட தடைகளைக் குறிக்கும் பொருள்கள், அவற்றைக் கடந்தபின் பட்டியலினின்றும் நீக்கப்பட்டன. ஆனால் அவை ஒரு நிகழ்வைக் கேட்போராகப் பதிவாகியிருந்தன, அப்பதிவு நீக்கப்படவில்லை. கடந்த தடைகள் யாவும் வண்டியின் நினைவில் நிரம்பி, அது பாதையை முடிக்காது நின்றுவிட்டது. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தின் வண்டி வெற்றி பெற்றது. கணினியறிவு மிக்க இளைஞர்கள் எழுதிய செய்நிரலிலே, 1980இல் அறியப்பட்ட அதே பிழை, கால் நூற்றாண்டின் பின் ஒரு வண்டியை நிறுத்தியது.

இதற்கு மாற்றாக 'நலிந்த சுட்டு' என்னும் கருவி முன்வைக்கப்பட்டது. அது பொருளைக் காட்டும், ஆனால் தாங்காது. வேறு வலிய சுட்டு இல்லையாயிற் பொருள் மீட்கப்படும். நலிந்த சுட்டு வெறிதாகும். ஜாவாவில் 1998இல் இஃது இடம்பெற்றது. 2006இல் வந்த மைக்ரோசொஃப்ற்றின் புதிய இடைமுகத் தொகுதியில், நலிந்த சுட்டின் வழியே நிகழ்வைக் கேட்கும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. பார்வைக்கு இது முழுத்தீர்வு போலத் தோன்றும். ஆயின் இதற்கும் இரு குறைகள் உள. நிகழ்வைக் கேட்பதற்கென்றே படைக்கப்பட்ட சிறு பொருளை வேறு யாரும் சுட்டாவிடின், அது வேண்டப்படும்போதே மறைந்துவிடும். மறுதலையாக, மூடப்பட்ட சாளரம் அடுத்த சேகரிப்பு நிகழும்வரை உயிரோடிருந்து, வரும் நிகழ்வுகளுக்கு மறுமொழி கூறிக்கொண்டேயிருக்கும். இறந்தவன் சபையிலே கைதூக்குதல் போல்வது இது.

அப்பிள் நிறுவனத்தின் வரலாறு இவ்வகையிற் படிப்பினை தருவதாகும். 2007இல் தன் ஒப்ஜெக்ரிவ்-சீ மொழிக்குக் கழிவு சேகரிப்பை அது அளித்தது. 2011இல் சுட்டெண்ணிக்கையை மொழிபெயர்ப்பியே தானாக எழுதும் முறையை அறிமுகம் செய்து, 2012இல் முன்னதைக் கைவிடத்தக்கதெனக் குறித்து, 2016இல் முற்றாக நீக்கிவிட்டது. எண்ணிக்கை முறையில், கடைசிச் சுட்டு நீங்கும் அக்கணத்திலேயே பொருளும் நீங்கும் என்னும் உறுதி உண்டு. அதற்கு விலையாக, வளையங்களைச் செய்நிரலாளரே நலிந்த சுட்டால் அறுத்தல் வேண்டும். தாய்ச்சாளரம் மகவை வலிதாகச் சுட்டுக, மகவு தாயை நலிவாகச் சுட்டுக என்னும் ஒழுங்கு அங்கே வழக்காயிற்று. 1960இல் தோன்றிய இரு முறைகளும் அரை நூற்றாண்டின் பின் மீண்டும் எதிரெதிர் நின்றன என்க.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் தெளிவாவது யாது? நினைவகம் மலிந்துவிட்ட இக்காலத்தில் இவ்வாராய்ச்சி எதற்கு என்று சிலர் வினவலாம். நினைவகம் மலிந்தாலும் கைப்பிடிகளின் எல்லை அதனோடு பெருகுவதில்லை. அன்றியும், விடுபடாத சாளரம் இடத்தை அடைப்பதோடு அமையாது. நிகழ்வுகளைக் கேட்டு வேலையும் செய்கின்றது. அடைபட்ட இடத்தைப் பணம் கொடுத்து ஈடுசெய்யலாம். தவறான செயலை அவ்வாறு ஈடுசெய்தல் இயலாது.

இனி, பிழை யாவும் செய்நிரலாளரின் கவனக்குறைவே என்று கூறுவாரும் உளர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு மொழியில், ஒரே பிழை ஒரே இடத்தில் நிகழுமாயின், அதனைத் தனியார் குறையென்று ஒதுக்குதல் வரலாற்று நோக்கன்று. காரணம் பொருளின் இயல்பிலேயே உள்ளது. ஒரு பட்டியலின் முடிவை எவரும் அறிவிப்பதில்லை. அதனைச் சுட்டுவோர் இல்லாமையால் மட்டுமே அது முடிந்ததென அறிகின்றோம். சாளரத்தின் முடிவோ அத்தகையதன்று. பயனர் அதனை மூடுகின்றார். அந்தக் கணம் வெளிப்படையானது. செய்நிரல் அதனை அறியும். அறியப்பட்ட ஒரு முடிவை, ஊகித்தறியும் ஒரு கருவியிடம் ஒப்படைத்தமையே இடறலின் வேர்.

ஆதலால், இடைமுகப் பொருள்களுக்கு உரிமையாளர் ஒருவர் இருத்தல் வேண்டும். அவர் முடிவோடு அவையும் முடிதல் வேண்டும். பதிவு செய்தவர் விடைபெறும்போது பதிவையும் நீக்குதல் வேண்டும். இவ்வொழுங்கு நிலைபெற்றவிடத்து, எஞ்சிய எண்ணற்ற சிறு பொருள்களைச் சேகரிப்பானிடம் அச்சமின்றி விட்டுவிடலாம். மக்கார்த்தி தொடங்கிய முறையை இது குறைத்து மதிப்பதாகாது. அதன் எல்லையை அறிந்து ஏற்பதேயாகும். இன்று செய்நிரல் எழுதக் கற்கும் மாணவர், ஒரு சாளரத்தைத் திறக்கும் கட்டளையை எழுதும்போதே, அதனை விடுவிப்பவர் யார் என்பதையும் எழுதிவைக்கப் பழகுவாராயின், முன்னோர் மும்முறை கற்ற பாடத்தை நான்காம் முறையாகக் கற்கும் இடர் அவருக்கு நேராது.